வேன் ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே கழற்றலாமா? ஸ்பேனரை எடுக்கும் முன் தெரிய வேண்டியவை

பாகாவ், ஜெராம் பாடாங், லாபு வட்டாரத் தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஏற்றுவது பெரும்பாலும் பழைய வேன்கள்தான். செம்பனைக்கு நடுவே இரவில் வேன் நின்றுவிட்டால் வொர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்காது. அதனால் சின்ன ரிப்பேரைப் பலர் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். ஆல்டர்னேட்டரும் அதில் ஒன்று.

என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது இதுதான். டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே கழற்ற வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி என்றால் என்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட் வரை இருக்கும். ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? முதலில் பெல்ட் தளர்ந்திருக்கா, வயர் பூத்திருக்கா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி "என்ஜின் நிக்குதா பார்" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த டயோடும் மற்ற மின்னணுப் பாகங்களும் எரிந்துபோகலாம்.

கழற்றத்தான் வேண்டும் என்றால், என்ஜின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். காரணம், ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயர் நேராகப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து வருகிறது. சாவி அணைத்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். நிசான் வானெட் போல சீட்டுக்கு அடியில் என்ஜின் உள்ள வேனில், பக்கத்திலேயே பெட்ரோல் குழாயும் சீட்டுப் பஞ்சும் இருப்பதை மறக்க வேண்டாம்.

பிறகு வயர்களைப் போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றலாம். அட்ஜஸ்டர் போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை என்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் வந்துவிடும். கடைசியில் கீழ் போல்ட். அதை உருவும்போது இன்னொரு கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். எடை சில கிலோ இருக்கும். வேனுக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைப்பது கட்டாயம்.

டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சில மாடல்களில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் காற்றைத் தருவது அதுதான். அந்தக் குழாய்களைச் சரியாக மாட்டாவிட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். ஆயில் குழாய் கசிந்தால் என்ஜினும் போகும். இந்த வகையை போமனிடம் விட்டுவிடுவதே நல்லது.

கழற்றியதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல நேரம் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ் அல்லது பேரிங் மட்டுமே. மாட்டும்போது பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நெகட்டிவ் வயரைக் கடைசியில் மாட்டி, மறுபடியும் மல்டிமீட்டர் வையுங்கள். விளக்குகளைப் போட்டும் 13.5க்குக் கீழே இறங்கவில்லை என்றால் பிள்ளைகளை ஏற்றலாம். டீசல் என்றால் அதற்கு முன் வாசலிலேயே ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.