நாய் ஏன் இழுக்கிறது? ஒட்டி நடக்க எப்படிப் பழக்குவது?

நடக்கக் கூட்டிப்போனால் நாய் ஏன் கயிற்றை இழுக்கிறது? இழுத்தால் பலன் கிடைக்கிறது. முண்டியது, விளக்குக் கம்பத்தை மோந்து பார்க்க முடிந்தது. நல்ல பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் வைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார்.

ஆகவே பலனை இடம் மாற்ற வேண்டும். நாய் உங்கள் இடது காலை ஒட்டி வந்த அந்த நொடியிலேயே "சபாஷ்" சொல்லி, சுண்டுவிரல் நகம் அளவு அவித்த கோழித் துண்டை உங்கள் தொடையை ஒட்டியே கொடுங்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் வரும். கையை முன்னால் நீட்டினால் அதுவும் முன்னால் போகும். தாமதித்தால், அதற்குள் அது தலையைத் திருப்பிக் காகத்தைப் பார்த்திருக்கும். பரிசு காகத்தைப் பார்த்ததற்கென்று ஆகிவிடும்.

இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதலில் ஓரடிக்கு ஒரு துண்டு, பிறகு ஐந்தடிக்கு, அப்புறம் எப்போது வரும் என்று அதற்குத் தெரியாதபடி.

கழுத்தைச் சுண்டி இழுத்துப் பழக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். வலிக்கிற நேரத்தில் எதிரே ஒரு குழந்தை வந்தால், நாய் அந்த வலியைக் குழந்தையோடு சேர்த்துவிடக்கூடும். பயிற்சியை வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். தெருவின் வாசனைகள் பிறகு வரட்டும்.