பழைய கார்டின் ஆயுள்

திரையில் தோன்றும் எழுத்தையும் சித்திரத்தையும் சலனப்படத்தையும் விநாடிக்கு அறுபது முறை வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டை வாங்கப் போகிறவர்கள், நினைவகம் எத்தனை ஜி.பி., வேகம் எவ்வளவு, விலை என்ன என்று விசாரிப்பார்களே தவிர, அதை இயக்கும் டிரைவர் யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்று விசாரிப்பவர் அபூர்வம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கார்டு வாங்கக்கூடிய செல்வந்தருக்கு இந்த விசாரணை தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் லினக்ஸை நம்பி, குறைந்த விலையில், பெரும்பாலும் பிறர் உபயோகித்துக் கழித்த கார்டை வாங்குகிறவருக்கு முதல் கேள்வியே அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

2016-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஏ.எம்.டி. கம்பெனியின் ஆர்.எக்ஸ். 480 என்ற கார்டும், அடுத்த மாதமே என்விடியா கம்பெனியின் ஜி.டி.எக்ஸ். 1060 என்ற கார்டும் வெளிவந்தன. இரண்டும் ஏறக்குறைய சம பலமுள்ளவை; விலையிலும் பெரிய பேதமில்லை; எது உயர்ந்தது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக விவாதித்தன. இன்று அந்த விவாதத்துக்கு லினக்ஸ் உலகம் அளிக்கும் பதில், அன்றைய பரீட்சை அட்டவணைகள் எதிலும் இடம்பெறாத ஒரு விஷயத்தைப் பற்றியது. 1060 என்விடியாவின் மூடிய டிரைவரை நம்பிப் பிறந்தது. அந்தத் தலைமுறைக்கு 580 என்ற எண்ணுள்ள டிரைவர் வரிசையே கடைசி என்று 2025-இல் கம்பெனி அறிவித்துவிட்டது. லினக்ஸின் மையநிரலான கெர்னலோ நிற்காமல் மாறிக்கொண்டே போவது; கம்பெனி கைவிட்ட டிரைவர் சில காலம் ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு ஒருநாள் புதுக் கெர்னலோடு பொருந்தாமல் நின்றுபோகும்.

அப்படியானால் திறந்த மூலநிரலுள்ள டிரைவர் என்விடியாவுக்கு இல்லையா என்றால், இருக்கிறது. நூவோ என்ற பெயரில், கம்பெனியின் உதவியின்றி, கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே அதன் உள்ளமைப்பை ஊகித்து ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் அது. 2010-இல் கெர்னலிலேயே இடம்பெற்றுவிட்டது. அவர்களுடைய பிரயாசைக்குக் குறுக்கே நின்றது கையொப்பம் என்ற ஏற்பாடு. 2014-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 900 வரிசை தொடங்கி, கார்டின் கடிகார வேகத்தை உயர்த்துகிற உள்நிரல் கம்பெனியின் கையொப்பம் பெற்றதாக இருந்தாலன்றிக் கார்டு அதை ஏற்காது; அந்த உள்நிரலைக் கம்பெனி வெளியிடவுமில்லை. ஆகவே நூவோவின் கையில் 1060, விழித்தெழுந்த கணத்தின் மந்த கதியிலேயே ஆயுள் முழுவதும் தவழுகிறது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் காமிராவுக்கு நேராக விரலைக் காட்டி என்விடியாவை வைததை அநாகரிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஏ.எம்.டி.யின் சரித்திரம் வேறு. 2006-இல் ஏ.டி.ஐ. கம்பெனியை வாங்கிய அது, அடுத்த வருஷமே கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களைப் பகிரங்கப்படுத்தத் தொடங்கியது. 2015-இல் அதன் ஏ.எம்.டி.ஜி.பி.யு. டிரைவர் கெர்னலில் சேர்ந்தது. கெர்னலுக்கு மேலே, வரைகிற வேலையை நடத்தும் பகுதி மெசா என்பது. 1993-இல் பிரையன் பால் என்ற ஒரு தனி மனிதர் தொடங்கிய முயற்சி அது. 2016-இல், வல்கன் என்ற புதிய வரைகலை முறைக்குக் கம்பெனி வாக்களித்திருந்த திறந்த டிரைவர் வந்துசேராமையால், டேவ் ஏர்லி, பாஸ் நியூவென்ஹவுசன் என்ற இருவர், இருவருமே கம்பெனிக்கு வெளியே இருந்தவர்கள், பொறுமையிழந்து தாமே ராட்வி என்றொரு டிரைவரை மெசாவுக்காக எழுதினார்கள். கம்பெனி தன்னுடையதைப் பின்னால் வெளியிட்டது உண்மைதான். ஆனால் 2025-இல் அதை நிறுத்திவிட்டு ராட்வியையே ஆதரிப்பதாக அறிவித்தது. வெளியார் எழுதியதை உடையவரே ஒப்புக்கொண்ட இந்த விநோதம், ஆவணங்கள் திறந்திருந்ததால் மட்டுமே சாத்தியமாயிற்று.

இதனால் ஏ.எம்.டி. தர்மிஷ்டக் கம்பெனி என்று நான் சொல்ல வரவில்லை. 480-ஐயும் அதன் தம்பிகளையும் 2023-இல் விண்டோஸ் டிரைவரின் முக்கியப் பராமரிப்பிலிருந்து அதுவும் விலக்கித்தான் வைத்தது. 2012-இல் விற்பனைக்கு வந்த ஹெச்.டி. 7970 போன்றவற்றை 2021-இலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் அவை லினக்ஸில் இன்னும் திருத்தம் பெறுகின்றன. கம்பெனிக்கு அக்கறை போனபின்னும் மூலநிரல் பிறர் கையில் இருக்கிறதல்லவா? கார்டுக்குள் ஏற்றப்படும் உள்நிரல் மட்டும் ஏ.எம்.டி.யிலும் மூடியதே, அதையும் ஏற்காத பரிசுத்தவாதிகளுக்கு இன்றைய சந்தையில் இடம் மிகக் குறைவு.

இனி வாங்குகிற விஷயம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டு தேடுகிறவர் 480-இன் தம்பிகளான ஆர்.எக்ஸ். 570, 580 ஆகியவற்றை முதலில் பார்க்கலாம், 8 ஜி.பி. உள்ளதே உசிதம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகளால் சுரங்கம் தோண்டும் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்திருக்கலாம். கார்டின் பயாஸையே மாற்றி எழுதியிருக்கவும் கூடும். கால் மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்கலாகாது. அசல் 580-இல் 2304 கணிப்பான்கள் உண்டு; 2048 என்று எழுதியிருந்தால் அது 580 என்ற பெயரைச் சூடிய 570தான். 580 சுமார் 185 வாட் இழுக்கும் என்பதால் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மின்சாரம் குறைவாகப் போதும் என்பவர் 53 வாட்டில் ஓடும் ஆர்.எக்ஸ். 6400-ஐ விரும்புவார்; ஆனால் பழைய மதர்போர்டில் அதன் நான்கு வழிப் பாதை நெருக்கடியாகிவிடும், வீடியோவை என்கோட் செய்யும் வசதியும் அதில் கிடையாது. இன்டெலின் ஆர்க் கார்டுகளும் திறந்த டிரைவரோடு வருகின்றன; ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதியில்லாத மதர்போர்டில் அவை பாதி உற்சாகத்தோடுதான் வேலை செய்யும். என்விடியாதான் வேண்டுமென்றால் 1060-ஐ விட்டு 1650 போன்ற பிந்திய தலைமுறைக்குப் போவது நலம். அவற்றுக்கு நூவோவிலும் வேகக் கட்டுப்பாடு கிடைத்துவிட்டது, மெசாவில் என்.வி.கே. என்ற டிரைவரும் வளர்ந்துவருகிறது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால், 8 ஜி.பி. நினைவகமும் 132 வாட் பசியும் உள்ள ஆர்.எக்ஸ். 6600-ஐத்தான் நான் சொல்வேன். அதைப் பெரிய 4கே டெலிவிஷனோடு இணைக்க நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹெச்.டி.எம்.ஐ. 2.1-ஐத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏ.எம்.டி. கேட்ட அனுமதியை, அந்தத் தரத்தை நிர்வகிக்கும் சங்கம் 2024-இல் மறுத்துவிட்டது. சாதாரண மானிட்டருக்கு இதனால் குறையொன்றுமில்லை. 4கேயில் விநாடிக்கு 120 காட்சி வேண்டுமென்பவர் டிஸ்பிளேபோர்ட் உள்ள திரையாகப் பார்த்து வாங்கட்டும்.