வயலில் இட்ட பசளை வயலை விட்டுப் போகாமற் காத்தல்

பசளை என்பது பயிருக்கு உணவு. உண்ணும் அளவுக்கு மேற்பட்ட உணவு எவ்வாறு வீணாகிக் கேடு விளைவிக்குமோ, அவ்வாறே பயிர் எடுத்துக்கொள்ளாத பசளையும் கேடு விளைவிக்கும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2019 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உரோமாபுரியில் நடத்திய மாநாட்டிலே, பசளைகளை நிலைபேறான முறையிற் பயன்படுத்துவதற்கும் முகாமை செய்வதற்குமான சர்வதேச நடத்தைக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அது சட்டமன்று, விரும்பிக் கைக்கொள்ளும் நெறி. அரசு, பசளை செய்வோர், விற்போர், ஆராய்ச்சியாளர், கமக்காரர் ஆகிய எல்லோர்க்கும் உரிய கடமைகளை அது கூறுகின்றது. இரசாயனப் பசளை, சேதனப் பசளை என்ற இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றையதைத் தள்ளிவிடுமாறு அது கூறவில்லை. தகுந்த வகை, தகுந்த அளவு, தகுந்த காலம், தகுந்த இடம் என்ற நாலையும் கவனித்தால் அந்நெறியின் பெரும்பகுதியைக் கைக்கொண்டவராவோம்.

வன்னிக் கமக்காரர் பசளைத் தட்டுப்பாட்டையும் அறிவர்; மலிவையும் அறிவர். 1990களில் யூரியா வன்னிக்குத் தாராளமாக வர இயலாத காலத்தில், மாட்டுப் பட்டியும் பூவரசங் குழையும் கொண்டே பலர் பயிர் செய்தனர். 2005/2006 காலபோகம் முதல் நெற்செய்கைக்கு 50 கிலோ பை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டபோது, நாட்டின் பல பகுதிகளிலும் யூரியா தேவைக்கு மிஞ்சி இடப்பட்டது. பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைவு, 2022 இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாகக் குறைந்தது.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. எனவே ஓர் அந்தர், அதாவது 50 கிலோ பையில் 23 கிலோ நைதரசன் இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவைக் கொண்டு அந்த 23 கிலோவைக் கொடுப்பதற்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலுள்ள நைதரசனும் ஒரே போகத்தில் முழுவதும் வெளிவராது. ஆகவே ஒரே போகத்தில் யூரியா முழுவதற்கும் பதிலாகக் கூட்டெருவை வைத்தல் இயலாத காரியம். ஆயினும் கூட்டெரு பயனற்றதென்று எவரும் எண்ணலாகாது. நீரையும் பசளையையும் பிடித்து வைக்கும் தன்மையை மண்ணுக்குக் கொடுப்பது அதுவே. இட்ட யூரியா பயிருக்குச் சேர வேண்டுமாயின் கூட்டெருவும் வேண்டும்.

இனி நெல் வயலிலே யூரியாவுக்கு என்ன நேர்கின்றது என்பதைப் பார்ப்போம். தேங்கிய நீரின் மேல் யூரியாவை வீசினால், அது நீரிற் கரைந்து ஓரிரு நாட்களில் அமோனியாவாக மாறத் தொடங்கும். நண்பகல் வெயிலில் நீரிலுள்ள பாசி வளர்வதால் நீர் காரத்தன்மை அடையும்; அப்பொழுது அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும். எஞ்சியதில் ஒரு பகுதி, வயல் காய்வதும் நனைவதுமாக இருக்கும்போது வேறு வாயுவாகி வெளியேறும். வரம்பு உடைந்தால் மற்றொரு பகுதி வாய்க்கால் வழியே போய்விடும். இவ்வாறு வீசும் யூரியாவில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையே பயிருக்குச் சேர்வது வழக்கம். அஃதாவது 23 கிலோவில் 7 முதல் 9 கிலோ. மிகுதிக்குக் கொடுத்த காசு காற்றோடும் நீரோடும் போயிற்று. பயிர் பச்சை பிடிக்கவில்லை என்று கண்டு இன்னும் அரை அந்தர் வாங்கி வீசுவோர் பலர். குறை பசளையின் அளவில் அன்று, இட்ட முறையிலேயே இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஆதலால் யூரியா இடுவதற்கு முன் களையைப் பிடுங்க வேண்டும். வரம்புகளில் உள்ள நண்டுத் துளைகளை அடைத்து, தேங்கிய நீரை வடித்து, மண் சேறாக ஈரமாயிருக்கும்போது யூரியாவை இட்டு, அதன்பின் நீர் கட்டுதல் நன்று. நீர் கீழிறங்கும்போது யூரியாவும் மண்ணுக்குள் இறங்கி வேரை அடையும். பனியோ மழையோ இலையில் நிற்கும் வேளையில் இட்டால் மணிகள் இலையில் ஒட்டி அதைக் கருக்கும். காலபோகத்தில், அதிலும் நவம்பர் மாதத்தில், பெருமழை வரும் அறிகுறி தோன்றினால் இரண்டொரு நாள் பொறுத்திருப்பதே இலாபம். குளத்து நீர் பாயும் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய இடங்களில் நீரை வடிப்பதும் கட்டுவதும் இயலும். மானாவாரி வயலில் அது இயலாது. அங்கே மண்ணீரத்தையும் மழையையும் பார்த்துச் சிறுசிறு பங்குகளாக இடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றரை மாத இனமாயின் விதைத்த இரண்டு வாரம் முதல் மட்டம் வெடிக்கும் பருவத்திலும், ஏறத்தாழ 40 ஆம் நாள் கதிர் உள்ளே உருவாகும் பருவத்திலும் நைதரசன் மிக வேண்டும். பூத்தபின் இடும் யூரியாவால் நெல்மணி கூடுவதில்லை. எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் கூடும். கரும்பச்சை நிறப் பயிரைக் கண்டு மகிழ்கின்ற கமக்காரர், அதே நிறத்தைக் கண்டு பூச்சியும் மகிழ்கின்றது என்பதை நினைத்தல் வேண்டும். இலை நிற அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து இடுவது, கண்மதிப்பில் இடுவதிலும் மேலானது. மும்மை சுப்பர் பொசுபேற்றை அடிக்கட்டுப் பசளையாக, நிலத்தை மட்டப்படுத்தும்போது இட்டு மண்ணோடு கலக்க வேண்டும். அது மண்ணில் எளிதில் நகராது.

வைக்கோலைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொற்றாசியம் உண்டு. இது 30 கிலோ மியூறியேற்றுப் பொற்றாசுக்குச் சமம். காசு கொடுத்து வாங்கும் அப்பசளையைக் களத்திலேயே தீயிட்டுவிட்டு, சாம்பலை முதல் மழையோடு போகவிடுவது எவ்வகைச் சிக்கனம்? சூடடித்த வைக்கோலை வயலெங்கும் பரப்பி, விதைப்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன் முதல் உழவிலேயே புதைத்துவிட வேண்டும். பிந்திப் புதைத்தால் அது மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளிக்கும்.

மரக்கறித் தோட்டங்களிற் கவனிக்க வேண்டியது குடிநீர்க் கிணறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் செம்மண்ணும் மணலும் நீரை விரைவில் உள்ளே விடுவன. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மிஞ்சி இட்ட நைதரசன், பாய்ச்சும் நீரோடு நைத்திரேற்றாகி வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் இடைவிடாது செய்யப்பட்ட பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார அமைப்புக் கூறிய இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருக்கக் காணப்பட்டது. மலசலகூடக் குழிகளும் அதற்கு ஒரு காரணம். அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைத் தாங்கும் வலிமையை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்கும் என்று எண்ணுதல் தவறு. நீர் வற்றுவதால் அது செறியுமேயன்றிக் குறையாது. வன்னிக் கிணறுகளுக்கு அந்நிலை வராமற் காப்பது நம் கையில் உள்ளது.

ஆகவே மரக்கறிக்குப் பசளையை ஒரே தடவையிற் கொட்டாது, பல தடவையாகச் செடியைச் சுற்றிச் சிறு வளையமாக இட்டு, மண்ணால் மூடி, அளவோடு நீர் பாய்ச்சுக. கச்சானும் பயற்றையும் தம் வேர் முடிச்சுகளாற் காற்றிலுள்ள நைதரசனைப் பெறுவன. அவற்றிற்கு யூரியா மிகக் குறைவாகவே போதும். கோழி எருவும் வலிய பசளையே. அதை இட்ட பாத்திக்கு யூரியாவின் அளவைக் குறைக்க வேண்டும். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் பசளையையோ எருக்குவியலையோ வைக்கலாகாது.

பை வாங்கும்போது தையல் பிரிபடாதிருப்பதையும், போசணையின் பெயரும் நூற்றுவீதமும் நிறையும் அச்சிடப்பட்டிருப்பதையும் பார்த்து, பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொள்க. நாட்டில் 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கப் பசளை ஒழுங்குபடுத்தற் சட்டம் உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டுக்குச் சான்று இல்லை.

எவ்வளவு இட வேண்டும் என்பது வயலுக்கு வயல் வேறுபடும். மண்ணைப் பரிசோதித்தே கூற முடியும். அறுவடை முடிந்தபின், அடுத்த பசளை இடுவதற்கு முன், வயலிற் குறுக்கும் மறுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுக்கவும். வரம்போரம், மரநிழல், எரு குவித்த இடம் ஆகியவற்றை விலக்குக. எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பசளைப் பை அல்லாத துப்புரவான பையிற் கட்டி, பெயர், வயலின் இடம், முன் செய்த பயிர் ஆகியவற்றை எழுதி, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கவும்.