காபிக்கு ஏலக்காய்ப் பால்: வீட்டிலேயே காய்ச்சலாம்

நம்ம மாட்டுப் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, காபிக்கு க்ரீமர் பாக்கெட் வாங்குகிற வீடுகள் உண்டு. பால் சேராத க்ரீமர் பொடியில் பெரும்பங்கு குளுக்கோஸ் பாகும் பாமாயில் வகைக் கொழுப்பும்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாலே தெரியும்.

அதே கெட்டியும் மணமும் நம்ம பாலிலேயே கிடைக்கும். 1 லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறி, அரை லிட்டராகச் சுண்டவிடுங்க. இறக்கும்போது ஏலக்காய் 4 தட்டிப் போட்டு மூடுங்க.

100 கிராம் நாட்டுச் சர்க்கரையை, தட்டிய சுக்கு ஒரு துண்டோடு அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்க. இரண்டும் நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் பால் திரிந்துபோகும். கலந்த பின் மறுபடி அடுப்பில் ஏற்றாதீங்க.

குடிக்கிற சூட்டில் இருக்கும் டிகாக்‌ஷனில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றினால் போதும். தனியாகச் சர்க்கரை வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்க. மாடு இல்லாத வீட்டில் தேங்காயின் முதல் பால் உதவும். அதை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

விற்கப் போகும் பாலில் ஒரு லிட்டரை முதலில் வீட்டுக்கு எடுத்து வையுங்க. மிச்சம் சொசைட்டிக்குப் போகட்டும்.