மனத்திற்கும் ஒரு பாடவேளை

தேர்வு அறையில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும். நேற்று தடங்கலின்றிச் சொன்ன சூத்திரம் இன்று நினைவுக்கு வராது. இது ஏன்?

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் இவை அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் தம் நூலில் இதை விளக்கினார். வரப்பில் பாம்பைக் கண்டால் இந்த ஆயத்தம் உயிரைக் காக்கும். வினாத்தாளைக் கண்டு ஓட முடியுமா? அங்கே, கணக்குப் போட வேண்டிய மனத்தின் ஒரு பகுதியைக் கவலை பிடித்துக்கொள்கிறது.

ஆகவே பயம் என்பது கோழைத்தனம் அல்ல. உடலின் இயல்பான செயல். அதைக் கையாளக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

பெயர் சொன்னால் தணியும்

மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. பயத்தை உணர்வதில் இதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கோபமோ அச்சமோ தெரியும் முகப் படங்களைச் சிலருக்குக் காட்டி, காந்த அதிர்வுக் கருவியால் அவர்கள் மூளையைப் படம் எடுத்தனர். படத்துக்கு ஓர் ஆள்பெயரைப் பொருத்தியபோது இருந்ததைவிட, 'கோபம்', 'பயம்' என்று உணர்ச்சியின் பெயரைப் பொருத்தியபோது அமிக்டலாவின் செயல் குறைந்தது!

உணர்ச்சியை அறிதல், அடக்கியாளுதல், பிறர் மனத்தை உணர்தல் ஆகியவற்றைப் பள்ளியிலேயே கற்பித்தால் என்ன பயன்? ஜோசப் டர்லக் குழுவினர் 2011இல் 213 பயிற்சித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களின் விவரங்களோடு ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றவர்கள் படிப்பிலும் 11 விழுக்காட்டு இடங்கள் முன்னேறியிருந்தனர். அதாவது 100 பேரில் 50 பேரை முந்தும் நடுத்தர மாணவர், 61 பேரை முந்தும் நிலைக்கு வருகிறார். மனத்திற்கு ஒதுக்கிய நேரம் பாடத்திற்கு நட்டமாகவில்லை.

நம் நாட்டில் டில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கப்பட்டது. அதற்குத் தேர்வு வைக்கப்படவில்லை. தமிழ்நாட்டில், நேரில் சொல்லத் தயங்குவதை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டிகள் பள்ளிகளில் வைக்கப்பட்டன. 14417 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி நாடித்துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். பிறகு நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது. மூன்று நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும், அப்போதைய உணர்ச்சியின் பெயரையும் அட்டவணையில் குறியுங்கள். ஐந்து நாள் செய்தால் உங்கள் மனத்தைப் பற்றி நீங்களே ஓர் ஆராய்ச்சி செய்தவர் ஆவீர்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டையும் நெல்லும் பயிராகின்றன. மழை பொய்த்தால் வீட்டுக் கவலை பிள்ளையோடு வகுப்பறைக்குள்ளும் வரும். காரணமின்றிச் சிடுசிடுக்கும் நண்பனிடம் பதிலுக்குச் சண்டையிடாமல், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். உங்களால் தீர்க்க முடியாத பெரிய துயரமாக இருந்தால், இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் அன்றைக்கே அவனை அழைத்துச் செல்லுங்கள்.