காய்கிற துணிதான் உழைக்கும்

ஐப்பசி அடைமழையில் துவைத்துப் போட்ட ஒரு ஜீன்ஸ் காய எத்தனை நாள் ஆகும் என்று கொடைக்கானல்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழை பழனி மலையைப் பிடித்துக்கொண்டால் வெயில் எட்டிப் பார்க்கவே நாளாகும். மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, பீரோவில் மடித்து வைத்த துணியைக்கூடச் சில்லிட வைத்துவிடும். இந்த மலையில் பள்ளிப் படிப்பை முடித்து மேற்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள் நிறைய. போன இடத்தில் ஜூடோ, ஜூஜிட்சு வகுப்பில் சேர்ந்துவிட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. நாள்பட உழைக்கிற அங்கியாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும், எதை வாங்கலாம் என்று பெற்றோர் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: துவைத்து எங்கே காயப்போடுவான்?

அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ விளையாட்டுப் பொருள் கடையில் ‘கராத்தே டிரஸ்’ என்று தொங்குவதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கராத்தேயில் கையும் காலும் வீச வேண்டும், அதனால் துணி மெலிசாக இருக்கும். ஜூஜிட்சுவில் எதிராளி உங்கள் காலரைப் பிடிப்பார், கைப்பகுதியைச் சுருட்டிப் பிடிப்பார், அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்குவார். உங்கள் சட்டை மடிப்பை வைத்தே உங்கள் கழுத்தை நெரிப்பார். இந்தக் கலையில் துணியும் ஓர் ஆயுதம். கராத்தே சட்டை இந்த இழுப்பைத் தாங்காமல் அக்குளில் பிளந்துவிடும்.

இந்த அங்கி ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய காலத்தில் சட்டையின் கை முழங்கையோடு நின்றது, கால்சட்டையும் குட்டைதான். அவை நீண்டது பிறகு. அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடமிருந்து அங்கிருந்த கிரேசி குடும்பத்துக்குப் போன வித்தைதான் தரையில் புரண்டு மடக்கும் பிரேசிலிய ஜூஜிட்சுவாக வளர்ந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜூஜிட்சு முதன்முறையாக இடம்பெற்றது.

இனி துணிக்கு வருவோம். கடைக்காரர்கள் முதலில் சொல்வது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. திருப்பூரில் வேலை பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரவுண்ட் கட்டரால் 100 சதுர செ.மீ. வட்டம் ஒன்றை வெட்டி, தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஜூஜிட்சு மேலங்கிகள் ஏறத்தாழ 350-லிருந்து 550 வரை வரும், இரட்டை நெசவு அதையும் தாண்டும். 550 என்றால் இரும்பு, 350 என்றால் வெயில்காலத்துக்கு என்று விற்பார்கள். எடை கூடினால் பலம் கூடும் என்ற நினைப்பு பாதிதான் சரி. ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எப்படிப்பட்ட பஞ்சு, எப்படி நூற்றது என்பதை அது சொல்வதே இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள மலையை விட்டு இறங்க வேண்டும். வேடசந்தூர், பழனி, உடுமலை என்று இந்த மலையின் அடிவாரத்தைச் சுற்றி எங்கும் நூற்பாலைகள். அங்கே வேலை செய்பவர்களுக்கு கார்டு நூலுக்கும் கோம்டு நூலுக்கும் உள்ள வித்தியாசம் கைவிரலிலேயே தெரியும். கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவிக் கழித்துவிட்டு நீள இழைகளை மட்டும் வைத்து நூற்றது. நூல் மெலிசாக இருந்தாலும் அறுபடாது, சீக்கிரம் பஞ்சு பறக்காது. கோவையில் 1970-களில் உருவாக்கிய சுவின் ரகப் பருத்திக்கு உலகச் சந்தையில் மதிப்பு வந்ததும் இழை நீளத்தால்தான். நல்ல கோம்டு நூலில், ‘பேர்ல் வீவ்’ எனப்படும் மணிமணியான நெசவில் நெருக்கமாக நெய்த 400 ஜிஎஸ்எம் அங்கி, மட்ட நூலில் நெய்த 550-ஐ விடக் கூடுதல் காலம் உழைக்கும். லேபிளில் நூல் விவரம் இல்லையென்றால் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் வேண்டாம்.

கனம் குறைந்த அங்கியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், எனக்கு முதன்மையான காரணம், ஈரம். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மூடுபனியில் அது இரட்டிப்பாகும். பாலியெஸ்டரில் ஒரு சதவீதம்கூட நிற்காது. நனைந்தால் பருத்தி இழை பலவீனமாவதில்லை, உண்மையில் கொஞ்சம் பலம் கூடும். நாள்கணக்கில் ஈரமாகவே கிடப்பதுதான் ஆபத்து. பூஞ்சணம் பிடித்து இழையைத் தின்னத் தொடங்கும். கறுப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிவதற்குள் அந்த இடம் நைந்திருக்கும். பிறகு யாராவது ஒரு நாள் இழுக்கும்போது கிழியும், நாம் தையலைக் குறை சொல்வோம். இரட்டை நெசவு அங்கி மலையில் இப்படித்தான் சாகிறது. அடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும் அதே அங்கி, மேலே நாலு நாளானாலும் காலரில் ஈரம் வைத்திருக்கும்.

உடம்புக்கும் கேடு. அரை ஈரத்தில் மறுபடி போட்டுக்கொண்டு இன்னொருவரோடு உரசிப் புரண்டால் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். காயாத அங்கியோடு வகுப்புக்குப் போகவே கூடாது. அதனால்தான் கனமான ஒன்றை வாங்குவதைவிட நடுத்தரக் கனத்தில் இரண்டாக வாங்கச் சொல்கிறேன்.

காலரைத் தனியாகப் பாருங்கள், கடைசியில் காய்வது அதுதான். சில அங்கிகளில் காலருக்குள் பருத்தித் துணியையே மடித்து மடித்துத் திணித்திருப்பார்கள். சிலவற்றில் ரப்பர் போன்ற நுரைப்பட்டை இருக்கும், அது தண்ணீரை உறிஞ்சாது. மலைக்கு மட்டுமில்லை, ஆனி மழையில் நசநசக்கும் டோக்கியோவுக்கும் கடற்காற்று வீசும் ரியோவுக்கும் இரண்டாவதுதான் பொருத்தம்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ சிக்கல் வேறு. அங்கே பல இடங்களில் கொடி கட்டிக் காயப்போட இடம் இருக்காது, காசு போட்டு ஓட்டும் டிரையர்தான். அதன் சூட்டில் ‘முன்பே சுருக்கியது’ என்று சீட்டு ஒட்டிய பருத்திகூட இன்னும் கொஞ்சம் சுருங்கும். போட்டியில் இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. சர்வதேச பிரேசிலிய ஜூஜிட்சு சம்மேளனத்தின் விதிப்படி, கையை நேராக நீட்டினால் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேல் 5 செ.மீ.க்கு மிகாமல் நிற்க வேண்டும். கால்சட்டைக்கும் கணுக்காலிலிருந்து அதே அளவு. நிறம் வெள்ளை, நீலம், கறுப்பு மட்டும். கிழிசலோடு போக முடியாது. ஆகவே வாங்கியதும் வெந்நீரில் ஓரிரு முறை துவைத்துச் சுருங்குகிற மட்டும் சுருங்கவிட்டு, பிறகு போட்டு அளந்து பாருங்கள். அளவு தவறியிருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும். வெண்மைக்காக பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டாம், அது இழையை அரித்துவிடும்.

சரி, இந்த அங்கிகள் எங்கிருந்து வருகின்றன? உலகத்துக்கான தற்காப்புக் கலை உடைகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது, 2025 மே மாதம் இறக்குமதியையே தடை செய்தது. நமக்கோ நூல் அடிவாரத்திலேயே இருக்கிறது, கனத்த துணி நெய்யும் கை கரூரில் இருக்கிறது, தைக்கும் கை திருப்பூரில் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து உலகத் தரத்தில் ஓர் அங்கியை இங்கிருந்தே பெயர் சொல்லி விற்க யாராவது துணிய வேண்டும். எனக்கு இது வெறும் ஆசை இல்லை, நடக்கக்கூடியது என்றே நம்புகிறேன்.

அதுவரை, எங்கே தைத்ததானாலும் உள்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். முதுகு நடுவில் மூட்டுத் தையல் இல்லாமல் ஒரே துணியாக இருப்பது நல்லது. அக்குள், பக்கவாட்டுத் திறப்பு, கவட்டை, இந்த மூன்று இடத்திலும் பார்டேக் எனும் நெருக்கமான வலுத்தையல் அடித்திருக்க வேண்டும். முழங்காலுக்கு இரண்டாவது துணி கட்டாயம். கால்சட்டை பருத்தி டிரில்லாக இருந்தால் அதிகம் உழைக்கும். ‘ரிப்ஸ்டாப்’ எனும் கட்டம் போட்ட துணி சீக்கிரம் காயும், கிழிந்தாலும் கிழிசல் ஓடாது. மலையில் இருக்கும்வரை நான் ரிப்ஸ்டாப்பைத்தான் சொல்வேன். நீளம் அதிகம் என்று டெய்லரிடம் குறைக்கக் கொடுத்தால், வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் அங்கியோடு சேர்த்தே வெந்நீரில் சுருக்கி வையுங்கள். முழங்கால் நைந்தால் உள்பக்கம் ஒட்டுப்போட அதே துணி வெளிநாட்டில் கிடைக்காது.