எல்லை தாண்டிய சட்டங்கள் – 9: மெமோவில் வரும் தண்டனை

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டுக்கு அரசு வைத்த பெயர் குபேர் அங்காடி. அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். அந்த எதுவார் குபேர் 1963 ஜூலையில் புதுச்சேரியின் முதலமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. கூடவே, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவும் வந்தது.

அதுவரை இங்கிருந்தது பிரெஞ்சுச் சட்டம். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து பிரான்ஸ் 1791-லேயே எடுத்துவிட்டது. ஆக, ஆங்கிலேயர் ஆண்ட கடலூரில் 1862 முதல் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய காரியம், இருபது கிலோமீட்டர் சொச்சம் வடக்கே, நாலு சுவருக்குள் வயது வந்தவர்கள் இசைந்து நடந்துகொண்டால் குற்றமே இல்லை. விடுதலைக்குப் பிறகுதான் அது குற்றமானது. போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பியை விட்டுவைத்தோம், இந்தச் சுதந்திரத்தை விட்டுவைக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்குச் சான்றிதழ் கொடுக்க இதைச் சொல்லவில்லை. ஊர் வாயை எந்தச் சட்டமும் மூடியதில்லை.

ஆனால் அரசு ஊழியரின் சோற்றில் மண்ணைப் போட 377 தேவைப்படவே இல்லை. மத்தியப் பிரதேச ஆயுதப் படைப் பெண் காவலர்கள் லீலாவும் ஊர்மிளாவும் 1987 டிசம்பரில் மாலை மாற்றிக்கொண்டார்கள். வழக்கு இல்லை, நீதிமன்றம் இல்லை. சில வாரங்களில் இருவருக்கும் வேலை போனது. அமெரிக்காவில் 1953-இல் அதிபர் ஐசனோவர் போட்ட ஆணையும் இதே வழிதான். சிறைக்கு அனுப்பாமலே ஒருபாலீர்ப்பு உள்ள ஆயிரக்கணக்கானோரை அலுவலகத்திலிருந்து வெளியே அனுப்பியது.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் கதை இன்னும் கொடுமை. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377-இன் பல்லைப் பிடுங்கியிருந்தது. 2010 பிப்ரவரியில், ஓர் ஆணோடு அவர் இருந்தபோது, அவர் குடியிருப்புக்குள் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். பல்கலைக்கழகம் புகுந்தவர்களைக் கேட்கவில்லை, அவரை சஸ்பெண்ட் செய்தது. ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி. ஏப்ரல் 1-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. 7-ஆம் தேதி அவர் வாடகை வீட்டில் பிணமாகக் கிடந்தார்.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தவர்கள் இசைந்து நடந்துகொள்வது குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும், 2019-இல் உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஊர்க்காவல் படை வீரர், தன் ஆண் துணையோடு இருந்த வீடியோ ஒன்றுக்காக நீக்கப்பட்டார். 2021-இல் நீதிமன்றம்தான் அவரைத் திரும்பச் சேர்த்தது.

கோளாறு 'அரசு ஊழியருக்கு ஒவ்வாத நடத்தை' என்ற ரப்பர் வாசகத்தில் இருக்கிறது. மேலதிகாரியின் முகச்சுளிப்புக்குத் தக்க அது நீளும். 1964-ஆம் ஆண்டின் மத்திய நடத்தை விதிகளில் உள்ள அந்த வாசகம்தான் புதுச்சேரி ஊழியருக்கும். விதியைத் திருத்த முடியாதா? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளைத் தொடர்ந்து, பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழக அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. அதே போல, பாலீர்ப்பைக் காரணம் காட்டி எவரையும் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று மத்திய விதிகளிலும் ஒரு வரி ஏற வேண்டும். ஊழியர் சங்கங்கள் தங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதைச் சேர்க்கட்டும்.

(தொடரும்)